முதலில் வாங்குவது யார்?

ஒரு ஸ்டார்ட்அப் ஏன் ஜெயிக்கிறது, ஏன் தோற்கிறது என்று கேட்டால், சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலைக் கல்லூரி மேடைகளில் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். ஐடியா புதிதாக இருக்க வேண்டும். நிறுவனர் விடாப்பிடியாக உழைக்க வேண்டும். நேரம் கூடி வர வேண்டும். இவற்றில் நேரம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது என்று அடித்துச் சொன்னவர் பில் கிராஸ். ஐடியாலேப் மூலம் நூறு கம்பெனிகளுக்கு மேல் தொடங்கிவைத்த அமெரிக்கர். 2015இல் டெட் மேடையில் அவர் வைத்த கணக்கில் நேரத்துக்கு 42 சதவீதம் கிடைத்தது. முதலீட்டுக்கு வெறும் 14. ஏழு நிமிடம்கூட ஓடாத அந்தப் பேச்சு உலகம் முழுக்கத் தொழில்முனைவோர் வகுப்புகளில் பாடமாகிவிட்டது.

அந்தப் பாடத்தின்மேல் இப்போது இன்னொரு வாதம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. புயலும் வெள்ளமும் வறட்சியும் கண்ணெதிரே நடக்கின்றன. தேவை மலைபோல நிற்கிறது. ஆகவே காலநிலைத் தொழில்நுட்பத்துக்கு நேரம் வந்துவிட்டது. துணிந்து இறங்குபவருக்கு வாய்ப்பு காத்திருக்கிறது. இதைக் கேட்டுத்தான் பல இளைஞர்கள் கிடைத்த வேலையை விட்டுவிட்டுக் கம்பெனி தொடங்குகிறார்கள்.

இந்த வாதம் தவறு. நம்பி இறங்குபவர்களின் நான்கைந்து ஆண்டுகளை அது தின்றுவிடுகிறது. தோற்றதும் குற்றத்தை அவர்கள் தலையிலேயே சுமத்துகிறது. தண்ணீர், மின்சாரம், வண்டி, படகு, கழிவு ஆகிய துறைகளில் ஒரு கம்பெனி பிழைக்குமா என்பதை வேறு கேள்விகள் தீர்மானிக்கின்றன. முதலில் வாங்குவது யார்? எந்த விதியின்கீழ் வாங்குகிறார்? எத்தனை ஆண்டுக்கு வாங்குகிறார்? பில் தொகை எப்போது கைக்கு வரும்? பில் கிராஸ் நேரம் என்று குறிப்பிடுவது, இந்தத் துறைகளில் பெரும்பாலும் ஓர் அரசோ வாரியமோ எடுத்த முடிவுதான். முடிவு எடுத்தவருக்குப் பெயர் உண்டு, அலுவலகம் உண்டு. அவரைக் கேள்வி கேட்க முடியும்.

கிராஸின் சொந்தக் கம்பெனி ஒன்றையே பார்க்கலாம். 2007இல் ஐடியாலேப் தொடங்கிய இசோலார், ஆயிரக்கணக்கான கண்ணாடிகளால் வெயிலை ஒரு கோபுர உச்சியில் குவித்து நீராவி உண்டாக்கி மின்சாரம் எடுத்தது. 2009இல் கலிஃபோர்னியாவில் 5 மெகாவாட் நிலையம் அமைத்தது. 2011இல் ஆக்மி நிறுவனத்தோடு சேர்ந்து ராஜஸ்தானின் பிகானேரில் 2.5 மெகாவாட் நிலையம் வந்தது. அதே ஆண்டுகளில் சாதாரண சூரியத் தகடுகளின் விலை சரிந்துகொண்டே போனது. கண்ணாடிக் கோபுரத்தால் அதோடு போட்டி போட முடியவில்லை. தகடு விலை தானாகச் சரியவில்லை. 2000இல் ஜெர்மனி ஒரு சட்டம் இயற்றியது: கூரையில் தகடு போட்டு மின்கட்டமைப்புக்கு மின்சாரம் தருபவருக்கு இருபது ஆண்டுகளுக்கு நிலையான விலை உறுதி. அந்த உறுதியை நம்பித் தொழிற்சாலைகள் பெருகின. பிறகு சீனா, அரசு வங்கிகளின் கடனோடு அந்த உற்பத்தியைப் பல மடங்காக்கியது. இசோலாருக்கு நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவது, இந்த இரண்டு அரசுகளும் செய்ததைக் கணக்கில் எடுக்க மறுப்பதாகும்.

சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள கோவளத்துக்கு இந்தக் கதை புதிதல்ல. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் ஒரு கம்பெனி தொடங்கி, ஓகோவென்று நடந்து, மூடப்பட்டது. இன்று பெல்ஜியம் எனப்படும் நாடு அப்போது ஆஸ்திரியப் பேரரசரின் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள ஆஸ்டெண்ட் துறைமுகத்து வணிகர்கள் கோவளத்தில் கிடங்கு வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஏடுகளில் இதன் பெயர் கேபலோன். 1722 டிசம்பரில் பேரரசர் ஆறாம் சார்லஸ் அவர்களுக்கு முப்பது ஆண்டு சாசனம் வழங்கினார். 60 லட்சம் கில்டர் முதல். பங்குக்கு 1,000 கில்டர் என்று 6,000 பங்குகள். ஆண்ட்வெர்ப்பில் பங்குகள் மளமளவென்று விற்றுத் தீர்ந்தன. கேண்டனுக்கும் வங்காளத்துக்கும் கப்பல்கள் போயின; தேயிலையில் நல்ல லாபம் வந்தது. அனுபவமுள்ள மாலுமிகள், போதிய முதல், விற்கும் சரக்கு, வாங்கும் ஊர் எல்லாமே இருந்தன.

1727இல் சாசனம் ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1731இல் வியன்னா உடன்படிக்கையோடு ஒரேயடியாக ரத்தானது. காரணம் கணக்குப் புத்தகத்தில் இல்லை. தமக்குப் பின் தம் மகள் மரியா தெரசா முடிசூடுவதைப் பிரிட்டன் ஏற்க வேண்டும் என்பது பேரரசரின் விருப்பம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக முளைத்த கம்பெனியை மூட வேண்டும் என்பது பிரிட்டனின் நிபந்தனை. ஒரு வாரிசுரிமைக்கு விலையாகக் கம்பெனி போனது. அதன் நிர்வாகிகளிடம் போய், உங்கள் குழு சரியில்லை, நீங்கள் விரைவாகத் திசை மாற்றவில்லை என்று புத்தி சொல்வதில் எந்த அர்த்தமும் இருந்திருக்காது. இன்று கடையை மூடும் பல காலநிலைக் கம்பெனிகளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பார்வை இந்தப் பகுதியில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. கோவளத்துக்கு மேற்கே சில கிலோமீட்டரில் சிறுசேரி. அங்கே செல்லும் பழைய மாமல்லபுரம் சாலை முழுக்க மென்பொருள் அலுவலகங்கள். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, வெளி முதலீட்டாளர் யாருமின்றி வளர்ந்தது. 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலானது. இவை உண்மையான சாதனைகள். உழைப்பும் துணிச்சலும் இல்லாமல் நடந்திருக்காது. ஆனால் மென்பொருளுக்கு வாங்குபவர் உலகமெங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்கள். ஒருவர் மறுத்தால் அடுத்தவர். கிரெடிட் கார்டில் மாதச் சந்தா வந்துவிடும். தவறு இருந்தால் இரவோடு இரவாகத் திருத்தி அனுப்பலாம். அந்த அனுபவத்தில் விளைந்த அறிவுரை அந்தத் தொழிலுக்குச் சரி. குடிநீர்க் குழாய்க்கும் மீன்பிடிப் படகுக்கும் அதே அறிவுரையைக் கொடுக்கும்போதுதான் விபத்து நடக்கிறது.

படகையே எடுத்துக்கொள்வோம். கோவளம் குப்பத்துக் கரையில் நிற்கும் ஃபைபர் படகின் பின்புறத்தில் ஒரு டீசல் என்ஜின். அதிலிருந்து நீளமான தண்டு, அதன் முனையில் விசிறி. இங்கே படகுத்துறை கிடையாது. அலையின் மேலேயே ஏறி மணலில் வந்து மோத வேண்டும். கடைசி அலையைப் பிடித்த நொடியில் என்ஜின் பிடித்திருப்பவர் அந்தத் தண்டை அப்படியே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுகிறார். ஒரு நொடி தாமதித்தால் விசிறி மணலில் குத்தி உடையும். என்ஜின் நின்றுபோனால் குப்பத்திலேயே இருக்கும் மெக்கானிக் ஒரு ஸ்பேனரோடு வந்து பிரித்துப் பார்ப்பார். மின்மோட்டாரோடு வரும் பொறியாளர் டீசல் மிச்சம் என்று காகிதத்தில் காட்டுவது கணக்களவில் சரியாகவே இருக்கலாம். ஆனால் படகுக்காரருக்கு அரசு விற்பனை வரி இல்லாத டீசல் தருகிறது; பேட்டரிக்கு அப்படி எதுவும் இல்லை. படகு வாங்க முன்பணம் கொடுத்தவரே பல இடங்களில் மீனை ஏலம் எடுப்பவரும். புதிய என்ஜினுக்கு அவர் கடன் தருவாரா என்பது யாருக்கும் தெரியாது. உப்புக்காற்றில் மூன்றாவது ஆண்டு பேட்டரி படுத்தால் வருபவர் யார் என்பதும் தெரியாது. தேவை இருக்கிறது, சந்தை இல்லை.

சந்தை எப்படி உண்டானது என்பதற்கும் இதே கரையில் சாட்சி நிற்கிறது. 2004 சுனாமிக்கு முன் இங்கே கட்டுமரங்கள்தான் அதிகம். சுனாமிக்குப் பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் நிவாரணமாக ஃபைபர் படகுகளை மொத்தமாக வாங்கிக் கொடுத்தன. சில ஆண்டுகளிலேயே கடற்கரையின் தோற்றம் மாறியது. படகு கட்டும் பட்டறைகளும் பழுதுபார்க்கும் ஆட்களும் அதன் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அந்த மாற்றத்தில் குறைகளும் உண்டு. தேவைக்கு மேல் படகுகள் வந்து சேர்ந்தன என்ற விமர்சனம் நியாயமானது. இருந்தாலும் ஒரு தொழில்நுட்பம் ஒரு கரையைப் பிடித்தது மொத்தமாக வாங்கிய ஒருவரால்தான்.

மின்வாகனக் கதையும் இதையேதான் சொல்கிறது. கோயம்புத்தூரில் 2008இல் ஹேமலதா அண்ணாமலை ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கினார். 2010 நவம்பரில் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் மின்ஸ்கூட்டர்களுக்கு மானியம் அறிவித்தது, விற்பனை ஏறியது. 2012 மார்ச்சோடு மானியம் நின்றது. விற்பனை சரிந்தது, நாடெங்கும் பல சிறு நிறுவனங்கள் மூடப்பட்டன. ஆம்பியர் தாக்குப்பிடித்து 2018இல் கிரீவ்ஸ் காட்டன் கைக்குப் போனது. மூடிய கம்பெனிகளின் நிறுவனர்கள் எல்லோரும் 2012 ஏப்ரலில் திடீரென்று திறமை இழந்துவிட்டார்களா?

பத்தாண்டு கழித்து அதே காட்சி பெரிய அளவில் நடந்தது. மின்வாகனங்களுக்கான மத்திய அரசின் ஃபேம் திட்டத்தின் மானியம் 2021 ஜூனில் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக உயர்ந்தது. 2023 ஜூனில் 10,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. வண்டி விலையில் 40 சதவீதம் வரை என்றிருந்த உச்சவரம்பு 15 சதவீதமானது. அந்த மே மாதம் லட்சத்தைத் தாண்டியிருந்த மின் இருசக்கர வாகன விற்பனை அடுத்த மாதமே பாதிக்கும் கீழே போனது. வண்டி அதே வண்டி, பெட்ரோல் விலையும் பெரிதாக மாறவில்லை.

சென்னை ஐஐடியில் முளைத்த ஏத்தரை இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டுவார்கள். தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கினார்கள். முதல் ஸ்கூட்டர் வாடிக்கையாளர் கைக்குப் போனது 2018இல். ஐந்தாண்டு பிடிவாதம் என்பது சரிதான். அந்த ஐந்தாண்டுக்குச் சோறு போட்டது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஐஐடியும் மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியமும் கை கொடுத்தன. பிறகு டைகர் குளோபல். 2016இல் ஹீரோ மோட்டோகார்ப். 2023-24இல்கூட நிறுவனத்தின் நட்டம் ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2025 மேயில் பங்குச்சந்தைக்கு வந்தபோது அதற்கு வயது பன்னிரண்டு. பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும் பணம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்துச் சாதாரணக் கல்லூரி ஒன்றில் படித்தவருக்கு அது கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அவரிடம் ஏத்தரைக் காட்டி நீயும் துணிந்து இறங்கு என்பது அவருக்குச் செய்யும் அநீதி.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், அது வலுவானதும்கூட. அரசை நம்பித் தொழில் நடத்தினால் அரசு கைவிட்டதும் தொழில் சாகும் என்பதைத்தானே மானியக் கதை காட்டுகிறது என்று கேட்பார்கள். மானியத்தைப் பற்றிய அளவில் அது உண்மை. ஆனால் மானியம் கொடுப்பது வேறு, கொள்முதல் செய்வது வேறு. எல்இடி விளக்கில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2014 தொடக்கத்தில் மத்திய அரசின் இஇஎஸ்எல் நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்கு வாங்கியது. தரத்தை வரையறுத்து, லட்சக்கணக்கில் டெண்டர் விட்டுக்கொண்டே போனது. 2016இல் கொள்முதல் விலை 38 ரூபாய். உஜாலா திட்டத்தில் விநியோகித்த பல்புகள் 36 கோடியைத் தாண்டின. பல்பின் விலைக்கு அரசு மானியம் கொடுக்கவில்லை. மொத்தமாக வாங்குகிறேன், தொடர்ந்து வாங்குகிறேன், தரம் தவறினால் திருப்பி அனுப்புவேன் என்று மட்டும் சொன்னது. இன்று தெருமுனைக் கடையில் அரசுத் தயவின்றியே எல்இடி விற்கிறது.

கேரளத்தில் இன்னும் சிறிய அளவில், இன்னும் அழகாக இது நடந்தது. கொச்சியின் நவால்ட் நிறுவனம் சூரியசக்திப் படகு கட்டியது. அதை வாங்கியது கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை. 75 பேர் ஏறும் ஆதித்யா படகு 2017 ஜனவரியில் வைக்கம்–தவணக்கடவு தடத்தில் ஓடத் தொடங்கியது. கண்காட்சியில் நிற்கவில்லை; கால அட்டவணைப்படி ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் ஓடியது. எந்தத் திருகு கழல்கிறது, எந்த வேளையில் மின்சாரம் குறைகிறது, மழைக்காலத்தில் என்ன ஆகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவந்தது. அடுத்த படகுகளுக்கு ஆர்டர் வந்தது அந்தப் படகைப் பார்த்துத்தான். கோவளத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் 1984 முதல் இயங்குகிறது. அலையில்லாத காயல், குறுகிய தூரம், மாலையில் கரைக்குத் திரும்பிவிடும் படகுகள். மின்படகைப் பழக்கிப் பார்க்க இதைவிடத் தோதான இடம் இந்தக் கடற்கரையில் இல்லை. அங்கே நான்கு ஆண்டு ஓடிய மோட்டாரைத்தான் குப்பத்து மீனவரிடம் கொண்டுபோய்க் காட்ட முடியும்.

கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்ததையும் இங்கே நினைக்க வேண்டும். டென்மார்க்கில் தலைமையகம் கொண்ட ஓர் அறக்கட்டளையின் 33 நிபந்தனைகள். குளியல் நீரின் தரச் சோதனை, கழிவுநீர் கடலில் கலக்காமை, குப்பை மேலாண்மை என்று பட்டியல் நீள்கிறது. சான்று வேண்டுமென்றால் இவற்றையெல்லாம் யாரிடமாவது விலை கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். ஒரு விதி ஒரு கடற்கரையில் ஒரு சிறு சந்தையை உண்டாக்கிவிட்டது.

விதி தவறாக இருந்தால் சந்தையும் தவறாகவே அமையும். தென்சென்னையின் வெள்ளம் பள்ளிக்கரணையிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு–கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர்கிறது. இந்தக் கோவளம் வடிநிலத்துக்காக ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடனில் மழைநீர் வடிகால் திட்டம் வந்தது. அதில் ஒரு பகுதி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து மணற்பாங்கான நிலத்திலும் கான்கிரீட் வடிகால் போடுவது. மழையை அப்படியே உறிஞ்சி நிலத்தடி நீராக்கும் மணல் அது. குடியிருப்பவர்கள் எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பிறகே அந்தப் பகுதி வேலை நின்றது. வெள்ளத் தடுப்புக்கென்று பணம் இருந்தது, வாங்க ஒரு மாநகராட்சியும் இருந்தது. ஆனால் அங்கே கேட்கப்பட்டது கான்கிரீட் வடிகால். நீரை மணலுக்குள் இறக்கும் முறையோடு எந்த இளைஞர் வந்திருந்தாலும் அவர் விண்ணப்பிக்கக்கூட முடிந்திருக்காது.

கோவளத்திலிருந்து தெற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் நெம்மேலி. இந்தக் கடற்கரையின் மிகப்பெரிய காலநிலைத் தொழில் அங்கேதான் நடக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் 100 எம்எல்டி நிலையம் 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் 150 எம்எல்டி நிலையம் சேர்ந்தது. எம்எல்டி என்பது நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். அருகே பேரூரில் ஜப்பானின் ஜைகா கடனுதவியோடு 400 எம்எல்டி நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 4,276 கோடி ரூபாய். இத்தனைக்கும் வாங்குபவர் ஒருவர்தான்: சென்னைக் குடிநீர் வாரியம்.

முதல் நிலையத்தைக் கட்டிய விஏ டெக் வாபாக் சென்னைக் கம்பெனி. அதன் வரலாற்றை எந்த ஸ்டார்ட்அப் வகுப்பும் சொல்லித்தருவதில்லை. ஆஸ்திரிய நிறுவனத்தின் இந்தியக் கிளையாக இருந்ததை, 2005இல் தாய் நிறுவனம் சீமென்ஸ் கைக்குப் போனபோது, ராஜீவ் மிட்டல் தலைமையிலான நிர்வாகிகளே முதலீட்டாளர் துணையோடு வாங்கினார்கள். இரண்டே ஆண்டில் ஆஸ்திரியத் தாய் நிறுவனத்தையும் வாங்கிவிட்டார்கள். அதில் துணிச்சல் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் துணிச்சலுக்கு அடியில் நகராட்சிகளும் குடிநீர் வாரியங்களும் கையெழுத்திட்ட நீண்டகால ஒப்பந்தங்கள் இருந்தன.

நெம்மேலியில் தீராத சிக்கல்களும் நிறைய. கடல்நீரில் பாதிக்கு மேல் செறிந்த உப்புநீராகத் திரும்பவும் கடலுக்கே போகிறது. கரை அரிக்கிறது, மீன் விலகுகிறது என்று சூலேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள் தொடக்கத்திலிருந்தே முறையிட்டு வருகிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் என்று வைத்தாலே, 250 எம்எல்டிக்கு நாளொன்றுக்கு ஏழரை லட்சம் முதல் பத்து லட்சம் யூனிட் வரை ஆகிவிடும். மின்சாரத்தைக் குறைக்கும் கருவி, உப்புநீரிலிருந்து பயனுள்ள உப்புகளைப் பிரிக்கும் முறை, சவ்வில் படியும் பாசியைத் தடுக்கும் வழி, கடலுக்குள் உப்புநீர் எப்படிப் பரவுகிறது என்று அன்றாடம் அளக்கும் உணர்கருவி என ஒவ்வொன்றும் ஒரு கம்பெனிக்கான வேலை. பள்ளிக்கரணையில் தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனம், கிண்டியில் ஐஐடி என்று அறிவுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் வாசலில் நிற்கும் விதிகள் வேறு. இதுபோன்ற டெண்டர்கள் கடந்த ஆண்டுகளின் விற்றுமுதலையும், அதே அளவில் முன்பு செய்த வேலைக்கான சான்றையும் கேட்கின்றன. ஸ்டார்ட்அப்களுக்கு இதில் தளர்வு தரலாம் என்று மத்திய அரசு 2016இலேயே வழிகாட்டியது. தளர்வு கொடுப்பதும் கொடுக்காததும் கையெழுத்திடும் அதிகாரியின் விருப்பம். லட்சக்கணக்கானோர் குடிக்கும் தண்ணீரில் சோதித்துப்பார்க்காத கருவியைப் பொருத்த எந்தப் பொறியாளர் துணிவார்? அவர் தயங்குவது சரியே. பொருத்தினாலும் பணம் வரும் நாள் தெரியாது. சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அப்படியும் பாக்கி பற்றிய புகார்களுக்கென்று 2017இல் மத்திய அரசு தனி இணையதளமே திறக்க வேண்டிவந்தது. ஆறு மாதம் பில் நிலுவையில் கிடந்தால் பத்துப் பேர் கொண்ட கம்பெனி சம்பளம் கொடுக்க முடியாமல் கலையும். பிறகு அது நிறுவனரின் தோல்வியாக எழுதப்படும்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர்களிடம் சொல்ல வேண்டிய வேலை வேறு. கருவியைச் செய்யத் தொடங்கும் முன்பே அதை வாங்கக்கூடிய துறையின் கடந்த சில ஆண்டு டெண்டர் ஆவணங்களை வரி விடாமல் படிக்க வேண்டும். நிலையத்தை ஓட்டும் ஷிஃப்ட் பொறியாளரிடம் உட்கார்ந்து எது பழுதாகிறது என்று கேட்க வேண்டும். தன் பொருளுக்குப் போட்டியாக மானியம் பெறும் பொருள் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கம், இறால் பண்ணையாளர், ரிசார்ட், மருத்துவமனை என்று வாரியத்துக்கு வெளியே சிறிதாக வாங்கக்கூடியவர் யாராவது உண்டா என்று தேட வேண்டும். இவ்வளவையும் செய்து, வாங்க ஆளில்லை என்று தெரிந்தால், தொடங்காமல் இருப்பதும் நல்ல முடிவே.

இதைவிடப் பெரிய வேலை வாங்குபவர்களுடையது. பேரூர் நிலையம் இன்னும் முழுமையாகவில்லை. திறந்த பிறகு பல பத்தாண்டுகள் ஓடப்போகிறது. அதன் 400 எம்எல்டியில் ஒரே ஒரு எம்எல்டியைக் குடிநீர்க் குழாயோடு சேராத தனித் தடமாகக் குடிநீர் வாரியம் ஒதுக்கலாம். இரண்டாண்டு சோதனை, அளவீடுகள் ஊருக்குத் தெரிய வெளியீடு, தேறிய கருவிக்கு முன் அனுபவச் சான்று கேட்காமல் கொள்முதல், 45 நாளில் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். உப்புநீரை அளக்கும் உணர்கருவியின் எண்கள் வாரியத்துக்குப் போகும் அதே நேரத்தில் சூலேரிக்காட்டுக்குப்பம் மீனவர் சங்கத்துக்கும் போக வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் சேர்க்கலாம்.